நாள் முழுக்க ஓடுவது நான்தானா என்று சந்தேகம் வரும்போது

ஒருவர் கேட்டிருந்தார்: "வெளியிலிருந்து பார்த்தால் என் வாழ்க்கையில் குறை என்று எதுவும் இல்லை. வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, பெரிய கடனோ நோயோ கிடையாது. ஆனாலும் எங்கோ தடம் மாறி வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. நாள் முழுக்க ஓடுவது நான்தானா என்றே சந்தேகமாக இருக்கிறது. பழைய என்னை எப்படித் திரும்பப் பிடிப்பது? பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?"

வேலை பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குப் பதில் சொல்லத் தேவையான தகவல் இப்போதைக்கு உங்களிடமே இல்லை, அதனால்தான். மனநல ஆலோசனை என் தொழில். ஏறக்குறைய இதே சொற்களோடு எல்லா வயதிலும் ஆட்கள் வருகிறார்கள், படிப்பை முடித்த கையோடு வருபவர்களும் உண்டு, ஓய்வு பெற்ற மறு வருடம் வருபவர்களும் உண்டு. பெரும்பாலானவர்கள் வரும்போதே ஒரு பெரிய முடிவையும் கூடவே கொண்டு வருகிறார்கள், வேலையை விடுவது, ஊரை மாற்றுவது, உறவை முறித்துக்கொள்வது என்று. அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் தனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியாமல் இருக்கும் நேரத்தில் எடுக்கிற முடிவு பெரும்பாலும் இப்போதைய வலியிலிருந்து தப்பிக்கிற முடிவாகத்தான் இருக்கும், அடுத்து எங்கே போகிறோம் என்பது அதில் இருக்காது.

முதலில் ஒன்றைச் சரிபார்த்துவிடுவோம். இரண்டு வாரங்களாக, ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே கிடக்கிறதா? முன்பு பிடித்த எதிலும் ஆர்வம் வரவில்லையா? தூக்கமும் பசியும் கெட்டிருக்கிறதா, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு தலைகாட்டுகிறதா? அப்படியென்றால் இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்திருந்தால் இன்றே பாருங்கள், அதுவரை தனியாக இருக்காதீர்கள், நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் எதிலும் ஒட்டாத இதே மந்தநிலை வரும். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய விஷயத்தை வைத்துக்கொண்டு, என் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று வருடக்கணக்கில் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, தன்னைத் தானே வெளியே நின்று பார்ப்பது போலவும், சுற்றி நடப்பதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலவும் அடிக்கடி தோன்றினால், அது கடும் பதற்றத்திலும் பழைய அதிர்ச்சிகளிலும் வரக்கூடிய ஒரு நிலை, சிகிச்சை உண்டு, அதையும் அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்புறம் தூக்கம். மாதக்கணக்காக அரைகுறைத் தூக்கத்தில் ஓடும் ஒருவருக்குத் தன் விருப்பம் எது என்று தெரியாமல் போவதில் வியப்பில்லை. அவர் முதலில் தூங்கட்டும், மற்றதைப் பிறகு பேசலாம்.

இவை எதுவும் இல்லை, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால், மேலே படியுங்கள்.

தடம் மாறிவிட்டது என்கிறீர்கள். எந்தத் தடம், அதைப் போட்டது யார்? இதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க முடியும். டோரி ஹிக்கின்ஸ் என்ற உளவியலாளர் 1987-ல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார், இன்றைக்கும் எனக்கு அது கைகொடுக்கிறது. நமக்குள் இப்போது இருக்கிற நான் ஒன்று, இருக்க ஆசைப்படுகிற நான் ஒன்று, இருந்தே ஆக வேண்டும் என்று நாமும் மற்றவர்களும் நினைக்கிற நான் ஒன்று. இருக்கிறதற்கும் ஆசைப்படுகிறதற்கும் நடுவே தூரம் கூடினால் வருவது ஏமாற்றம், வருத்தம், சோர்வு. இருக்கிறதற்கும் இருந்தாக வேண்டியதற்கும் நடுவே தூரம் கூடினால் வருவது பதற்றம், குற்ற உணர்ச்சி, யாரோ கேள்வி கேட்கப்போகிறார்கள் என்ற பயம். இரண்டையும் நாம் "மனசு சரியில்லை" என்று ஒரே பையில் போட்டுவிடுகிறோம். நாளைய தினத்தை நினைக்கும்போது உங்களுக்கு வருவது சலிப்பா, படபடப்பா என்று இரண்டு மூன்று நாள் கவனித்தாலே எந்தப் பக்கத்துத் தூரம் என்று ஓரளவு பிடிபட்டுவிடும்.

உங்கள் விஷயத்தில் என் ஊகம் இது: மூன்றாவது ஆளை, அந்த "இருந்தாக வேண்டிய" ஆளை, நீங்கள் நன்றாகவே நிறைவேற்றிவிட்டீர்கள். அதனால்தான் வெளியே குறை தெரியவில்லை. இருக்க ஆசைப்பட்ட ஆளிடம் பேசியே வெகுநாள் ஆகிவிட்டது. சிலருக்கு அந்த ஆளைப் பற்றி யோசிக்க ஒருபோதும் வாய்ப்பே கிடைத்திருக்காது. ஜேம்ஸ் மார்சியா 1966-ல் இளைஞர்களின் அடையாள உணர்வை வகைப்படுத்தியபோது இதைத் தனியாகக் குறித்தார்: வேறு வழிகளைத் தேடிப் பார்க்காமலேயே பெரியவர்கள் காட்டிய பாதையில் உறுதியாக நின்றுவிடுகிறவர்கள். இவர்கள் அப்போது கஷ்டப்படுவதாகத் தெரியாது, சொல்லப்போனால் மற்றவர்களைவிடத் தெளிவாகவே இருப்பார்கள். எத்தனையோ வருடம் கழித்து ஒரு மரணமோ, பதவி உயர்வோ, பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவதோ எதையோ அசைத்துவிடும், அப்போதுதான் தடம் மாறிவிட்டது என்று தோன்றும். உண்மையில் தடம் மாறியிருக்காது. போட்ட தடத்திலேயே ஒழுங்காக வந்திருப்பார்கள், அதைப் பற்றி முதல் முறையாக இப்போதுதான் கேள்வி எழுந்திருக்கும். நீங்கள் இந்த வகை என்றால், திரும்பப் பிடிக்க வேண்டிய "பழைய நான்" என்று ஒன்று இல்லாமலே இருக்கலாம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பதினெட்டு வயதில் செய்திருக்க வேண்டிய தேடலை இப்போது செய்கிறீர்கள், அதுவும் கூடுதல் அனுபவத்தோடு.

தொடர்பு அறுந்து போவது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். நான் கவனிக்கிற முதல் அடையாளம் ஒரு சொல்தான்: "எதுவானாலும் சரி." எங்கே போகலாம் என்று கேட்டால் எதுவானாலும் சரி. எந்த நிறம் வாங்கலாம் என்றால் உனக்குப் பிடித்தது. விட்டுக்கொடுக்கும் குணம் என்று வீட்டில் பெயரும் கிடைத்துவிடும். ஒருவரிடம், மற்றவர்கள் யாரும் இல்லை, முழு மாலையும் உங்களுக்கு மட்டும், என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வாயைத் திறந்தார், மூடினார், மனைவிக்கு எது பிடிக்கும் என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார், அப்புறம் வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது அடையாளம், வாசலில் நிற்பது. வேலை முடிந்து வண்டியை நிறுத்தியாகிவிட்டது, வீடு இருபது அடியில், ஆனால் இறங்கத் தோன்றாமல் கைபேசியை எடுத்து எதையோ தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருப்பது. அந்தப் பத்து நிமிடம்தான் அன்றைக்கு யாருக்காகவும் எதுவாகவும் இருக்கத் தேவையில்லாத நேரம், அதனால் உடம்பு அதை விட மறுக்கிறது. சோம்பல் என்று அதைத் திட்டாதீர்கள், அது ஒரு நல்ல தடயம்.

இந்த நிலையில் எல்லோரும் முதலில் செய்வது யோசிப்பது. நான் யார், எனக்கு உண்மையில் என்ன வேண்டும், ஏன் இப்படி ஆனேன் என்று இரவு முழுக்க உள்ளே தோண்டுவது. நியாயமான முயற்சி மாதிரித்தான் தெரியும், ஆனால் நம் மனசு அந்த வேலைக்கு அவ்வளவு நம்பகமான கருவி இல்லை. திமொத்தி வில்சனும் அவர் சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல உதாரணம். மாணவர்களிடம் சில சுவரொட்டிப் படங்களைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். ஒரு பாதிப் பேரிடம் மட்டும், ஒவ்வொரு படமும் ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் எழுதச் சொன்னார்கள். சில வாரம் கழித்து விசாரித்தபோது, காரணம் எழுதிவிட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் தங்கள் படத்தில் குறைவான திருப்தியோடு இருந்தார்கள். காரணம் கேட்டால் மனசு சொல்ல எளிதான காரணத்தைப் பிடித்துக்கொள்கிறது, பிறகு அந்தக் காரணத்துக்கு ஏற்றபடி விருப்பத்தையும் மாற்றிக்கொள்கிறது. உண்மையில் பிடித்தது ஓரத்தில் நின்றுவிடுகிறது.

போதாக்குறைக்கு, "ஏன் நான் இப்படி" என்று திரும்பத் திரும்ப அரைப்பதே சோர்வை நீட்டிக்கும். சூசன் நோலன் ஹோக்செமா தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இதைக் காட்டுவதிலேயே செலவிட்டார். அதனால் நான் வருபவர்களிடம் "ஏன்" என்ற கேள்வியைக் கொஞ்ச காலத்துக்கு எடுத்து வைத்துவிடச் சொல்கிறேன். அதற்குப் பதில் எப்போது, எங்கே, யாரோடு, உடம்பில் என்ன நடந்தது. இந்த நான்கையும் மட்டும்.

இதற்கு ஒரு சின்ன குறிப்பேடு போதும். சட்டைப்பையில் வைக்கிற அளவு இருந்தால் நல்லது, கைபேசியிலும் எழுதலாம், ஆனால் கைபேசியைத் திறந்தால் வேறு எங்காவது போய்விடுவோம் என்பதால் காகிதத்தைச் சிபாரிசு செய்கிறேன். நாளுக்கு மூன்று நான்கு முறை, ஒரே ஒரு வரி. அழகாக எழுத வேண்டாம், விளக்கமும் வேண்டாம். ஒருவர் எழுதியிருந்தது இப்படி இருந்தது: "காலை கூட்டம், தாடை இறுகியிருந்தது, முடிந்த பிறகுதான் தெரிந்தது." "புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன், மணி பார்க்கவில்லை." "தொலைபேசியில் அண்ணன், பேசி முடித்ததும் தோள் வலி." "மாடியில் தனியாக நின்றேன், மூச்சு நீளமாக வந்தது." இவ்வளவுதான். பத்து நாளில் அவர் பக்கங்களைத் திருப்பியபோது, சொல்லிக்கொடுத்த இடங்களில் எல்லாம் "மணி பார்க்கவில்லை" என்றே எழுதியிருந்தது அவருக்கே ஆச்சரியம். அவர் தன்னை எண்களோடு மட்டும் பழகுகிற, ஆட்கள் ஒத்துவராத மனிதர் என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தவர்.

தாடை, தோள், மூச்சு, வயிறு என்று உடம்பை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உணர்ச்சிக்குப் பெயர் வைக்கப் பழகாதவர்களுக்கு, என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே தெரியவில்லை. ஆனால் பல் கடித்துக்கொண்டிருந்தது தெரியும். அங்கிருந்து தொடங்கினால் கோபம், பயம், ஏக்கம் என்ற பெயர்கள் மெதுவாகப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். முதல் வாரத்தில் உங்களுக்கு எதுவுமே எழுதத் தோன்றாமல் போகலாம். அப்போது "ஒன்றும் தெரியவில்லை" என்றே எழுதுங்கள், நேரத்தையும் இடத்தையும் போட்டு.

இதோடு கூடவே, எதுவானாலும் சரி என்பதை நிறுத்துங்கள். பெரிய விஷயத்தில் தொடங்க வேண்டாம். எந்தப் பாட்டைப் போடுவது, எந்த இருக்கையில் உட்காருவது, எந்தப் பக்கமாக நடந்து போவது என்ற அளவில், நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒரு நொடி நின்று, உங்களுக்கு எது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள், வாய்விட்டும் சொல்லுங்கள். தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் பரவாயில்லை, இது எனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்வதும் லாபம்தான். விருப்பம் என்பது பயன்படுத்தாமல் விட்ட கை மாதிரி, கட்டுப்பிரித்த முதல் நாளே பாரம் தூக்கச் சொன்னால் தூக்காது.

இனி, முன்பு பிடித்திருந்தவை. ஆர்வம் திரும்பட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருப்பவர்கள் மிக அதிகம், அவர்களில் பலர் காத்துக்கொண்டே இருந்துவிடுகிறார்கள். வரிசை நேர்மாறானது என்று 1970-களிலேயே பீட்டர் லெவின்சோன் சொல்லிவிட்டார்: சோர்ந்தவர் ஒதுங்குகிறார், ஒதுங்குவதால் இதம் தரும் அனுபவங்கள் குறைகின்றன, அதனால் சோர்வு கூடுகிறது, ஆகவே செயலில் கை வைத்தால்தான் மனநிலை பின்னால் வரும். 1996-ல் நீல் ஜேக்கப்சன் குழு இதைச் சோதித்தபோது, மனச்சோர்வுக்கான முழுச் சிந்தனைச் சிகிச்சையோடு, அதாவது எண்ணங்களை ஆராய்ந்து மாற்றப் பழக்கும் சிகிச்சையோடு ஒப்பிட, செயல்களைத் திட்டமிட்டுச் செய்ய வைக்கும் பகுதி மட்டுமே ஏறக்குறைய அதே அளவு பலன் தந்தது. உங்களுக்கு மனச்சோர்வு நோய் இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் விதி இதேதான். பிடித்ததை நாட்காட்டியில் ஒரு நேரம் போட்டு, கால் மணி நேரம், மனசு வந்தாலும் வராவிட்டாலும் செய்யுங்கள். முதல் சில முறை சந்தோஷம் வராது. இதைச் சொல்லாமல் விட்டால் எல்லோரும் இரண்டாவது முறையோடு விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுவும் செத்துப்போய்விட்டது என்று. சாகவில்லை. சந்தோஷத்தை அளக்காமல், செய்தேன் என்று மட்டும் குறித்துக்கொண்டு போங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய பிரியத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். பள்ளி நாட்களில் வரைந்துகொண்டிருந்த ஒரு பெண், வண்ணங்களும் தாள்களும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒன்றும் வராமல் நொந்துபோனார். அந்த நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், எங்கே உட்கார்ந்து வரைவீர்கள் என்று கேட்டபோது, படிக்கட்டுக்கு அடியில் இருந்த இடத்தைச் சொன்னார், அங்கே உட்கார்ந்தால் கூப்பிட்டால்கூடக் கேட்காதாம். அவருக்குக் குறைந்துபோயிருந்தது யாரும் கூப்பிடாத அந்த ஒரு மணி நேரம், வரைவது அதற்கான சாக்குதான். அதை அவர் பிறகு தனியாக நடக்கப் போவதில் கண்டுபிடித்தார், வரையவே இல்லை. அதனால் நினைவுகளைத் தோண்டும்போது என்ன செய்தீர்கள் என்பதோடு நிறுத்தாமல், அதில் எது இதமாக இருந்தது என்று கேளுங்கள்: தனிமையா, கூட்டமா, கை வேலையா, போட்டியா, ஒன்றை முழுதாக முடித்த திருப்தியா? அந்தக் குணம் இன்றைய வாழ்க்கையில் வேறு வடிவத்தில் கிடைக்கும்.

மேலும், பழைய நீங்கள் முழுதாகத் திரும்பி வரப்போவதில்லை. ஜோர்டி குவாட்பாக், டேனியல் கில்பர்ட், திமொத்தி வில்சன் மூவரும் 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு செய்து 2013-ல் வெளியிட்ட முடிவு இது: கடந்த 10 வருடங்களில் எவ்வளவு மாறியிருக்கிறோம் என்பதை எல்லா வயதினரும் ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் வரும் 10 வருடங்களில் பெரிதாக மாறமாட்டோம் என்றே நினைக்கிறார்கள். ஒவ்வொரு வயதிலும் இதே கணிப்பு, ஒவ்வொரு வயதிலும் இதே தவறு. இது உங்களுக்கு இரண்டு வகையில் ஆறுதல். இருபத்தைந்து வயதில் இருந்த ஆளிடமிருந்து விலகி வந்தது ஒரு விபத்து இல்லை, எல்லோருக்கும் நடப்பது. இப்போது எதுவும் பிடிக்காமல் இருக்கும் இந்த ஆளும் நிரந்தரமில்லை.

பிரிவோ இழப்போ பின்னணியில் இருந்தால் கணக்கே வேறு. நெருங்கிய உறவில் நம் பழக்கங்கள், நண்பர்கள், வருங்காலத் திட்டங்கள் எல்லாம் மற்றவரோடு பின்னிப்போய்விடுகின்றன. 2010-ல் எரிக்கா ஸ்லாட்டரும் சகாக்களும் காட்டியது என்னவென்றால், காதல் உறவு முறிந்தவர்களுக்குத் தான் யார் என்ற தெளிவே குறைகிறது, அவர்கள் படும் துயரத்தில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதனால் அந்த நேரத்தில் தன்னையே தொலைத்துவிட்ட மாதிரி தோன்றுவது பலவீனம் இல்லை, ஒரு பாதியை உண்மையாகவே இழந்திருக்கிறீர்கள். முதலில் அழ வேண்டியதை அழுங்கள். அதே மாதிரி, நடக்காமலே போன கனவுகளுக்கும் துக்கம் உண்டு, அதை யாரும் விசாரிக்க வரமாட்டார்கள் என்பதால் நாமும் கண்டுகொள்வதில்லை. ஆக முடியாமல் போனது, படிக்க முடியாமல் போனது, பெற முடியாமல் போன குழந்தை. எட்டாத இலக்கை விட்டுவிட முடிந்தவர்களும், அதன் இடத்தில் வேறொன்றைப் பிடித்துக்கொள்ள முடிந்தவர்களும் மனநலத்தில் மேலாக இருப்பதை கார்ஸ்டன் ராஷ் குழு 2003-ல் பதிவு செய்தது. விடுவது தோல்வி என்று வளர்ந்தவர்களுக்கு இதை ஏற்பது கடினம். வாய்விட்டு ஒருவரிடம், "அது இனி நடக்காது" என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் பலருக்கு மூச்சே விட முடிகிறது.

எழுத விருப்பம் இருந்தால், மனசில் கிடப்பதை நான்கு நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிடம், யாருக்கும் காட்டாமல் எழுதுவது ஒரு நல்ல முறை. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-ல் செய்தது இதுதான். எழுதி முடித்த உடனே பலருக்கு மனசு இன்னும் கனமாகத்தான் இருந்தது, ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்திருந்தது. பழைய கொடுமைகள் எதையாவது தொட்டு, நிற்க முடியாமல் போனால் நிறுத்திவிடுங்கள். அதைத் துணையோடுதான் செய்ய வேண்டும்.

கைபேசியைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லியாகிவிட்டது. நான் சொல்வது ஒன்றுதான், காலையில் கண் விழித்த முதல் அரை மணி நேரம் மற்றவர்களின் வாழ்க்கையைப் பார்க்காதீர்கள்.

மனிதர்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலானோர் வழுக்கி விழுவது இங்கேதான். நீங்கள் இது எனக்கு வேண்டாம், இன்றைக்கு முடியாது என்று சொல்லத் தொடங்கினால் வீட்டில் உடனே பாராட்டமாட்டார்கள். என்ன ஆச்சு உனக்கு, முன்பெல்லாம் இப்படி இல்லையே என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, இத்தனை வருடம் நீங்கள் கொடுத்த ஆளோடு அவர்கள் பழகியிருக்கிறார்கள், அந்த ஆள் அவர்களுக்கு வசதியாகவும் இருந்திருக்கிறார். முகத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் எதிர்த்து நிற்பது ஒரு வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் குற்ற உணர்ச்சியில் பழையபடி ஆகிவிடுவோம். அதைவிட, நெருங்கிய ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "கொஞ்ச நாளாக எனக்கு எதுவும் ஒட்டவில்லை. உன்மேல் கோபம் இல்லை. வாரத்தில் இரண்டு மாலை எனக்குத் தனியாக வேண்டும், எதற்கு என்று எனக்கே இன்னும் தெரியாது." இந்தக் கடைசி வரியைச் சொல்லத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள், காரணம் சொல்ல முடியாத தேவையைக் கேட்க உரிமை இல்லை என்று நினைத்து. உரிமை உண்டு. கேட்கும்போது அந்த இரண்டு மாலையில் வீட்டு வேலைகளை யார் பார்ப்பது என்பதையும் சேர்த்துப் பேசி முடியுங்கள், இல்லையென்றால் உங்கள் ஓய்வு இன்னொருவர் தலையில் பாரமாக இறங்கும், அந்த மனத்தாங்கல் வேறு கணக்கில் வட்டியோடு வரும்.

இதெல்லாம் நேர்கோட்டில் முன்னேறாது. இரண்டு வாரம் தெளிவாக இருக்கும், மூன்றாவது வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய மந்தம் வந்துவிடும். குறிப்பேட்டில் எழுதாமல் விட்ட நாட்களை ஈடுகட்ட உட்காராதீர்கள், இன்றிலிருந்து எழுதுங்கள்.

சரி, வேலை. இரண்டு மூன்று மாதக் குறிப்புகள் சேர்ந்த பிறகு உட்கார்ந்து பாருங்கள். களைப்பு எழுதியிருக்கும் இடங்கள் வேலை நேரத்தில் மட்டும் குவிந்திருக்கின்றனவா, இல்லை, விடுமுறையிலும் வீட்டிலும் ஒரே மாதிரி பரவிக் கிடக்கின்றனவா? பரவிக் கிடந்தால் வேலையை விட்டாலும் அது கூடவே வரும், இப்போதைக்கு ராஜினாமாவைத் தொடாதீர்கள். வேலையில் மட்டும் என்றால் அடுத்த கேள்வி, வேலையில் எது? எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் மனிதருக்கு மூன்று அடிப்படைத் தேவைகளைச் சொல்கிறார்கள்: என் இஷ்டப்படி கொஞ்சமாவது செய்ய இடம், இது எனக்கு நன்றாக வருகிறது என்ற உணர்வு, கூட இருப்பவர்களோடு ஒட்டுதல். மூன்றில் எது வறண்டிருக்கிறது என்று உங்கள் வரிகளே காட்டும். இஷ்டத்துக்கு இடமில்லை என்றால் மேலாளரிடம் பேசிப் பார்க்கலாம், திறமைக்குத் தீனி இல்லை என்றால் பொறுப்பை மாற்றிக் கேட்கலாம், மனிதர்கள்தான் பிரச்சினை என்றால் அதே நிறுவனத்தில் வேறு குழு இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு வேலையை விடுவதைவிட இவை மலிவானவை, செய்து பார்த்துவிடுங்கள். பிழிந்து எடுத்த களைப்பு, வேலை மேல் ஒரு வெறுப்பு, நான் செய்வதில் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம் மூன்றும் சேர்ந்திருந்தால் அது உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பணிச்சூழல் சார்ந்த நிலையாகக் குறித்திருக்கும் பணிச்சோர்வாக இருக்கலாம். அதற்கு முதல் மருந்து விடுப்பும் வேலைப்பளுவைக் குறைப்பதும்.

இதையெல்லாம் செய்தும் மாறவில்லை, அங்கேயே இருப்பதற்கு இத்தனை வருடம் போட்டாச்சே என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் உங்கள் வாயில் வரவில்லை என்றால், அந்தக் காரணத்தை நம்பாதீர்கள். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் இருவரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நாடக அரங்குக்கு முழு விலையில் பருவச் சீட்டு (ஒரு பருவம் முழுக்க நடக்கும் நாடகங்களுக்கான சீட்டு) வாங்கியவர்கள் தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட அந்தப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகங்கள் என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான். போட்ட வருடங்கள் போட்டவைதான், இருந்தாலும் போனாலும் திரும்ப வராது. அப்போது விடலாம். எத்தனை மாதச் செலவுக்குக் கையில் இருக்கிறது, வீட்டில் யார் யாரைப் பாதிக்கும், எந்த மாதிரி வேலையில் உங்கள் "மணி பார்க்கவில்லை" வரிகள் அதிகம் வரும் என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதி, முடிந்தால் அந்தப் புது வேலையைப் பகுதி நேரமாகவோ விடுப்பிலோ கொஞ்சம் செய்து பார்த்துவிட்டு, பிறகு விடுங்கள்.